இங்கிருந்து தொடங்கு

டிசம்பர். தாகுவரெம்போவில் உச்சி வெயில்.
கம்பளிக் கூட்டுறவுச் சங்க வாசலில்
எஞ்சின் அணைத்த மூன்று லாரிகள்.
எடைமேடையின் இரும்பு நிழலில் இருப்பதால்
அதன்மேல் நாய் படுத்திருக்கிறது.
பதினெட்டு கிலோ.
இன்று காலையிலிருந்து
எடைக்கருவி சொன்ன ஒரே எடை அதுதான்.

நேலிதா சொடுக்குகிறாள்.
நீல வளையம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது.
பிறகு மூச்சில்லை.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
திட்டியிருந்தாலாவது
திட்டை வைத்து நோயைக் கண்டுபிடித்திருக்கலாம்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் திறக்கவில்லை,
டாஸ்க்பாரில் குத்திவைத்ததும்.
பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்தும் பார்த்தாளாம்.
கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

நான் ஜெராக்ஸ் மெஷினும் பார்ப்பவன்.
டோனர் கறுப்பு கையோடு வந்து நின்றேன்.
கேட்காமலே மாத்தே குடுவையை நீட்டினாள்.
எங்கள் ஊரில் 'நன்றி' என்றால்
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.
ஒன்றும் சொல்லாமல் உறிஞ்சினேன்.

அணைத்துப் போட்டேன்.
வைரஸ் காவலனை ஐந்து நிமிடம் தூங்கவைத்தேன்.
நிர்வாகி அதிகாரத்தோடு திற என்று கட்டளையிட்டேன்.
அதிகாரத்துக்கும் மசியவில்லை.

ஜன்னலில் ஒரு முகம்:
லாரிக்காரன் வாஷிங்டன் எத்செகராய்.
(அமெரிக்கா போனதில்லை. அவன் அப்பாவுக்கு
பெயர் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.)
'நோட்டில் எழுதிக்கொள்ளக் கூடாதா?'
'எழுதலாம்' என்றாள் நேலிதா.
'எந்த இழைக்கு எந்த விலை என்பது
இதற்குள்ளே அல்லவா இருக்கிறது.'

குறுக்குவழி கைவிரித்தபின்
நடந்துதான் போகவேண்டும்.
சி டிரைவுக்குள் போனேன். உள்ளே 'புதியது'.
அதற்குள் 'புதியது 2'.
அதற்குள் 'இதுதான் கடைசி'.
எழுதிய ஓஸ்மார் வேலையை விட்டு ஆறு வருடம்.
கடைசி அறையில் அந்தச் சின்ன ஆட்டுப் படம்.
தட்டினேன்.
திறந்துகொண்டது.

வெளியே வந்து ஷார்ட்கட்டைத் தட்டினேன்.
திறக்கவில்லை.
அதே ஆடுதான்.

வலது சொடுக்கு. பண்புகள்.
போகவேண்டிய பாதை எழுத்துக்கு எழுத்துச் சரி.
அதன் கீழே இன்னொரு பெட்டி:
'இங்கிருந்து தொடங்கு'.
அதில் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை புதுக் கணினிக்கு மாற்றியபோது
யாரோ ஐகானை மட்டும் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.
விலைப்பட்டியலை, பாவம்,
தான் நிற்கும் இடத்தில்தான் தேடும் இந்த நிரல்.
வேறெங்கோ நின்று விழித்து
சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறது.
பட்டியல் இல்லை.
யாரிடமும் சொல்லாமல் சுருண்டுகொண்டது.

சிரிக்க முடியவில்லை என்னால்.
போன குளிர்காலம் மகள் வீட்டைத் தேடிப் போனேன்.
ஜூலை பதினெட்டுத் தெரு, இருநூற்று நான்கு.
எங்கள் நாட்டில் அந்தத் தெரு ஊருக்கு ஊர் உண்டு.
இருநூற்று நான்கில் ஒரு பல் மருத்துவர் இருந்தார்.
முகவரியில் தப்பில்லை.
நான் ஒரு நிறுத்தம் முன்னாலேயே
பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன்.

'இதுதான் கடைசி' வரைக்குமான பாதையை
நகலெடுத்து வெற்றுப் பெட்டியில் ஒட்டினேன்.
நேலிதாவே தட்டினாள்.
ஆடு வந்தது, விலைகள் வந்தன.
எடைக்கருவியைத் தானாகவே படித்து
முதல் கேள்வியும் வந்தது:
பதினெட்டு கிலோ. இழைத் தடிமன்?

அவள் ஜன்னல் வழியே நாயைப் பார்த்தாள்.
நாயும் பார்த்தது.
'மட்டம்' என்றான் வாஷிங்டன்,
விசில் அடித்து அதை எழுப்பினான்.
லாரி உறுமியது.

பாதி வழி போனபிறகுதான் ஞாபகம் வந்தது:
டாஸ்க்பாரில் இருப்பதை நான் சரிசெய்யவில்லை.
அவள் கை பழக்கத்தில் அங்கேதான் போகும்.
திங்கட்கிழமை போன் வரும்.

வரட்டும்.
கிளம்பும்போதும் நான்
நன்றி சொல்லவில்லை.